ஓர் ஆட்டத்துக்கு இரண்டு தேதி

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார லீக்கின் தலைவர், நோட்டரி ஆல்சிதெஸ் ரவேரா அவர்களே! ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பிய நம் எஸ்தாசியோன் கிளப்பின் தலைவி மீர்த்தா ஒலாசா அவர்களே! முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் வில்மாரின் மனைவி, தங்கச்சி நெல்பா! வில்மாரிடம் ஆட்டம் கற்றவர்களே! சான் எலாதியோ ஊராரே! சந்தா ரீத்தா கிளப்பிலிருந்து வந்து, கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய எதிரிகளே! உங்களுக்கும் என் வணக்கம். உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. ஆனாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஒதீலியோ சமூதியோ. நாற்பத்து நான்கு வருடமாக இந்தக் கிளப்பின் பிரதிநிதி. ஆட்டத்துக்கு முன்னால் வீரர்களின் மருத்துவ அட்டைகளைச் சரிபார்த்து, படிவத்தில் கையெழுத்து போடுகிறவன். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனேன். நான் ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டதே லீக்கின் விதிப் புத்தகத்தை வைத்துத்தான். அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இரண்டு பேர். ஒருவர் நோட்டரி. இன்னொருவன் நான்.

நண்பர்களே, பயிற்சியாளர் வில்மார் பிரித்தோஸ் மறைந்துவிட்டார் என்று எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் சொன்னார்கள். மறைந்தாரா? எங்கே போய் மறைந்தார்? செத்துப் போனார். போன சனிக்கிழமை, நம் ஊர் ஆஸ்பத்திரியில், அறுபத்தெட்டு வயதில் செத்துப் போனார். அவர், இவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. என்னைவிடப் பதினோரு வயது இளையவன். எனக்குத் தலை நரைக்கும் முன்பே என்னைக் கிழவா என்று கூப்பிட்டவன். அவன் என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் தலைநகருக்குப் போனான். மொந்தெவிதேயோவில் முதல் பிரிவில் ஒன்பது வருடம். முதுகில் ஐந்தாம் எண். ஐந்தாம் எண் என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தின் நடுவில் நின்று, மற்றவன் விட்டதைப் பிடித்து, மற்றவனுக்குக் கொடுப்பவன். பேப்பரில் படம் வராதவன். நான் ஒருமுறை பேருந்து ஏறிப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். அவன் அணி கோல் போட்டது. பத்துப் பேரும் ஓடிப் போய் ஒருவன் மேல் ஒருவன் விழுந்தார்கள். இவன் மட்டும் நடுவட்டத்தை விட்டு நகரவில்லை. எதிரணியைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றான். ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"ஏன்டா, உனக்கு சந்தோஷமே கிடையாதா?"

"கட்டிப்பிடிக்கத்தான் பத்துப் பேர் இருக்காங்களே, கிழவா. அந்த நேரத்துல கடையைப் பாத்துக்க ஒருத்தன் வேணாமா?"

அதுதான் வில்மார் பிரித்தோஸ்! பிறகு பராகுவேயில் மூன்று வருடம் ஆடினான். இடது முழங்கால் இரண்டாம் தடவை போனது. முப்பத்திரண்டு வயதில் ஊர் திரும்பி, அடுத்த வாரமே நம் கிளப்பின் பயிற்சியாளர் ஆனான்.

அவனிடம் பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தத் துணி நினைவிருக்கும். பந்து உங்களிடம் வந்துகொண்டிருக்கும். அவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு துணியைப் பிடித்திருப்பான். சிவப்பு, அல்லது மஞ்சள்.

"பின்னாடி என்ன கலர்?"

"சிவப்பு, பயிற்சியாளரே."

"சிவப்பை மாத்தி ஒரு யுகம் ஆச்சு. நீ உன் கல்யாணத்தன்னைக்கே முழிச்சிக்கிட்டு இருந்தியா தெரியல. போ, வேலிகிட்ட போய் நில்லு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படிச் சிரித்துக்கொண்டே ஐந்து வருடத்தில் நம்மை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனான்.

இப்போது நான் பேச வந்ததைப் பேசுகிறேன். மீர்த்தா அம்மா, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

அதோ, படத்துக்குப் பக்கத்தில் லீக் அனுப்பிய மலர் வளையம் இருக்கிறது. ரிப்பனில் என்ன எழுதியிருக்கிறது? 'நேர்மையின் வடிவான பயிற்சியாளருக்கு.' நல்லது. அதே லீக்கின் தண்டனைப் பதிவேட்டில், முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் எழுதிய பக்கத்தில், இவன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது? 'ஏமாற்று.' இன்றைக்கும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. எது உண்மை, ஊராரே? ரிப்பனா? பதிவேடா?

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். சந்தா ரீத்தாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. மைதானத்தைச் சுற்றி மழை நாளில் பொரிக்கும் ரொட்டியைப் பெண்கள் வாளி வாளியாகப் பொரித்துப் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் பந்து சேற்றில் மிதக்க ஆரம்பித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மீதி இருபத்தேழு நிமிடம் புதன்கிழமை மதியம் என்று அறிவித்தார்கள்.

நம் இடது ஓரத்தில் ஆடியவன் லெமோஸ். அவன் மருத்துவ அட்டை செவ்வாய்க்கிழமையோடு காலாவதி. ஞாயிறு செல்லும், புதன் செல்லாது. அது எனக்குத் தெரியும். செவ்வாய் சாயங்காலமே அட்டையைக் கையில் எடுத்து, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தோராம் விதி: 'ஆட்ட நாளில் செல்லுபடியாகும் மருத்துவ அட்டை.' ஆட்ட நாள் எது? ஞாயிறு! ஆட்டம் தொடங்கியது ஞாயிறு. படிவம் ஞாயிறு. கோல் கணக்கு ஞாயிறு. புதன்கிழமை நடப்பது அதே ஆட்டத்தின் மிச்சம். ஒரு ஆளுக்கு இரண்டு பிறந்தநாள் உண்டா? ஓர் ஆட்டத்துக்கு எப்படி இரண்டு தேதி இருக்க முடியும்? நானே கேட்டேன், நானே பதில் சொன்னேன், அட்டையைப் பெட்டியில் வைத்தேன்.

புதன்கிழமை லெமோஸ் இறங்கினான். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கோல் போட்டான். நாம் ஜெயித்தோம். ஒரு நாள்! ஒரே ஒரு நாள் நாம் சாம்பியன். வியாழக்கிழமை சந்தா ரீத்தாக்காரர்கள் முறையீடு கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நானும் கொடுத்திருப்பேன்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அந்த மூவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை. "தேதி முடிஞ்சது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்! நாற்பத்தோராம் விதியை விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து வில்மார் எழுந்தான்.

"பயிற்சியாளர் நான். இறக்கினது நான். நான் சொல்லித்தான் அவர் கையெழுத்து போட்டார்."

பொய். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தே செய்த பிரதிநிதிக்கு ஆயுள் தடை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த மருத்துவ அட்டைகள் வைக்கும் பெட்டியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டம் பறிபோனது. பட்டம் பறிபோனது. பயிற்சியாளருக்கு நாட்டின் எந்த லீக்கிலும் இரண்டு வருடம் தடை. காரணம், ஏமாற்று.

அப்போது தலைநகரிலிருந்து முதல் பிரிவுக் கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டிருந்தது. ஜனவரியிலிருந்து அவன்தான் பயிற்சியாளர் என்று பேசி முடித்திருந்தார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஊர்ப் பையன் ஒருவன், நூறாண்டுப் பழமையான கிளப் ஒன்றை நடத்தப் போகிறான்! நெல்பா தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மேல்முறையீட்டுக்கு ஒன்பது நாள் கெடு. லீக் செயலாளர் தட்டச்சு செய்த தாளோடு என் வீட்டுக்கு வந்தார். இரண்டு வரி. 'அட்டையின் விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். பயிற்சியாளருக்கு இது தெரியாது.' கையெழுத்து போட்டால் 'ஏமாற்று' என்பது போய்விடும், தடை போய்விடும். விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு எனக்கும் ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும். இரண்டாவது வரிக்கு உடனே கையெழுத்து போடுகிறேன் என்றேன். முதல் வரியை அடியுங்கள் என்றேன். இரண்டும் சேர்ந்துதான் செல்லும் என்றார். நான் எங்கே தவறு செய்தேன், காட்டுங்கள் என்றேன். அவரால் காட்ட முடியவில்லை. போய்விட்டார்.

எட்டாம் நாள் நெல்பா வந்தாள். தங்கச்சி, இதை நான் சொல்லத்தான் வேண்டும். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒரே ஒரு வரி."

"அந்த வரி பொய்ம்மா."

"பொய்யாவே இருக்கட்டும். அதனால யாரு செத்துடப் போறா?"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உங்க விதிக்குப் பொண்டாட்டி இருக்கா அண்ணே? பிள்ளை இருக்கா? அது தலைநகர்ப் பள்ளிக்கூடத்துல சேந்து, சீருடைக்கு அளவு குடுத்துட்டு நிக்குதா?"

 நான் நாற்பத்தோராம் விதியைச் சொன்னேன். அவள் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம் வில்மார் வந்தான். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினான், வேலி சாய்ந்ததைப் பற்றிப் பேசினான். தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மணிக்கு லீக் அலுவலகம் மூடும். ஆறு அடித்தது. வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனான். என் பக்கம் நியாயம் இருப்பது அவனுக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்!

தலைநகர்க் கிளப் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. இவன் இங்கேயே இருந்தான். தடை இருந்த இரண்டு வருடமும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது, வெளியிலிருந்தும் அணிக்குக் குரல் கொடுக்கக் கூடாது. இவன் என்ன செய்தான்? ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றான்.

"லெமோஸ்! அங்க என்ன மேயறே? இடது பக்கம் வா!"

போலீஸ்காரர் வந்தார். "பிரித்தோஸ், வாயை மூடலேன்னா உள்ள வைக்க வேண்டியிருக்கும்."

"நாயைக் கூப்பிடறேன் ஐயா. அது பேரு லெமோஸ்."

"போன ஞாயித்துக்கிழமை வேற பேரு சொன்னீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை அது நடுவுல ஆடிச்சு ஐயா."

அந்த நாய் பதினோரு பேரும் வாங்க வேண்டிய திட்டைத் தனியாக வாங்கியது! தடை முடிந்து உள்ளே வந்தான். இருபத்தொன்பது வருடம் நமக்குப் பயிற்சி கொடுத்தான். மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தான். இங்கிருந்து எட்டுப் பேர் முதல் பிரிவுக்குப் போனார்கள். வேறு எந்த முதல் பிரிவுக் கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை. பதிவேட்டைப் பார்ப்பார்கள், பக்கத்தை மூடுவார்கள். அவன் எதையும் பொருட்படுத்தாதவன் என்றுதான் ஊர் சொன்னது. நானும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, ஆனால் பேசினான். ஒரு நாள் நான் எதுவும் கேட்காமலே சொன்னான்.

"அந்தத் தாளு இன்னும் அந்த அலமாரியிலதான் இருக்கு, கிழவா."

"எந்தத் தாளு?"

"ஏமாத்துக்காரன்னு எழுதின தாளு. நான் போன பிறகும் அது அங்கதான் இருக்கும்ல?"

 "டேய், உனக்கு அது வேணும்னா அன்னைக்கே ஏன்டா கேக்கல? மூணு மணி நேரம் எங்க வீட்டுல உக்காந்திருந்தியே?"

"கேட்டிருந்தா நீ கையெழுத்து போட்டிருப்பே."

"போட்டிருப்பேன்! சத்தியமா போட்டிருப்பேன்!"

"போட்டுட்டு அப்புறம் என் மூஞ்சிய ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா?"

ஊராரே, இந்த மனிதனை என்ன செய்வது? இப்படிப்பட்டவனுக்கு இனி என்னால் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்குப் போனேன். அதே இரண்டு வரியை என் கையால் எழுதினேன். 'அட்டையின் விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். பயிற்சியாளருக்கு இது தெரியாது.' எழுதிக் கையெழுத்து போட்டேன். விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். தண்டனை பெற்றவர் உயிரோடு இருக்கும்போது, தானே மனுப் போட்டால் எத்தனை வருடம் கழித்தும் பதிவேட்டைத் திருத்தலாம். மனுவை எழுதி எடுத்துக்கொண்டு புதன்கிழமை அவனிடம் போனேன். நெல்பா படித்துக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இன்னொரு தடவை படி" என்றான். படித்தாள். வலது கை வரவில்லை. இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினோம். கைநாட்டு என்றால் நோட்டரி சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். இந்த ஊரில் நோட்டரி ஒருவர்தான். அது சுற்றுலா வாரம். நாட்டில் எந்தக் கதவும் திறக்காத வாரம். நோட்டரி குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். போன் செய்தேன்.

"ஒதீலியோ, திங்கக்கிழமை காலையில முத வேலையா வந்துடறேன். அவரு ஓடியா போயிடப் போறாரு?"

நோட்டரி அவர்களே, தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் சனிக்கிழமை போய்விட்டான்.

திங்கட்கிழமை மனுவைக் கொண்டுபோய் உங்கள் மேஜையில் வைத்தேன். மனுவின் தேதி என்பது அது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதி, அன்றைக்கு மனுதாரர் உயிரோடு இல்லை என்று சொன்னீர்கள். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. கைநாட்டு வைத்தது புதன்கிழமை! புதன்கிழமை தொடங்கிய காரியத்தின் மிச்சம்தானே திங்கட்கிழமை நடப்பது? ஒரு மனுவுக்கு எப்படி இரண்டு தேதி இருக்க முடியும்? முப்பத்தொரு வருடமாக நான் தீட்டி வைத்திருந்த வாதம் அல்லவா அது! ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏனென்றால் உங்கள் மேஜையில் இருந்த தாளில், அந்த வாதம் தவறு என்று நானே கையெழுத்து போட்டிருக்கிறேன். அந்த வாதத்தைச் சொன்னால் தாள் பொய். சொல்லாவிட்டால் தாள் செல்லாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் சொல்லாமல் ஓர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன்.

அதனால் இன்றைக்கு நான் விதி பேசவில்லை, நோட்டரி அவர்களே. என்னிடம் விதி எதுவும் மிச்சம் இல்லை. கேட்கிறேன். இந்த ஊர் முழுக்கப் பார்க்கக் கேட்கிறேன். நான் யாரிடமும் கேட்டவன் இல்லை. எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடுங்கள். நீங்கள் கையை விரிக்கிறீர்கள். தெரியும். உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நானே படித்திருக்கிறேன். ஆனாலும் கேட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவன் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். தொடருங்கள். அவன் செய்ததை என்னால் செய்ய முடியாது. எழுபத்தொன்பது வயது. என்னால் முடிந்தது ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஆட்டம் இருக்கிறது. மீர்த்தா அம்மா அனுமதித்தால் அட்டைகளை நான் பார்ப்பேன். ஏதாவது ஒரு அட்டையில் ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால், விதிப் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். எழுந்து போய்ப் பயிற்சியாளரிடம் சொல்வேன். இவனுடைய தேதி முடிந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்பேன். அவ்வளவுதான். அந்தப் புதன்கிழமை நான் அட்டைப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வில்மார் மைதானக் கோட்டோரமாக நின்று லெமோஸின் தோளில் தட்டிக்கொண்டிருந்தான். நடுவில் பத்து அடி இருக்கும். நான் எழுந்து போகவில்லை.